முருங்கை நின்ற கரை

காணி என் மனைவியுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முந்தல் சந்தியில் வலை, நைலோன் கயிறு, வாளி, இறால் பண்ணைக்காரருக்கு வேண்டிய குழாய் விற்கிற சின்னக் கடை ஒன்றுதான் எனக்குச் சொந்தம். தென்னங்காணி, அதன் நடுவே நிற்கிற வீடு, வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையின் இந்தப் பக்கக் கரை எல்லாம் நிஸ்ரினின் பெயரில் உறுதி எழுதப்பட்டவை. எங்கள் கலியாணத்துக்கு முன்னமே அவளுடைய வாப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அப்படி வந்த நாளிலிருந்து நான் அந்தக் காணியில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற விருந்தாளி என்று அவள் சொல்வாள். பொய் என்று சொல்ல முடியாது.

அந்த ஓடை கிழக்கே எங்கோ குளங்களில் வழிகிற தண்ணீரை வாங்கிக்கொண்டு, தென்னந்தோட்டங்களுக்கு ஊடாக இறங்கி, எங்கள் குசினிக்குப் பின்னால் ஒரு தடவை வளைந்து, பிறகு கடலேரியான முந்தல் களப்பில் போய்க் கலக்கும். மாரி தவிர்ந்த நாட்களில் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. பகல் சாப்பாடு முடிந்து பின்வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்தால், தண்ணீருக்குள் தென்னைகள் தலைகீழாக நிற்கும். கொக்கு தன் நிழலின் மேல் நிற்கும். கொஞ்ச நேரத்தில் எது மேல், எது கீழ் என்பது மறந்துபோய் எனக்குக் கண் சொருகும். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சத்தம் கேட்கும். தொபுக். யாரோ ஓடைக்குள் ஒரு தேங்காயைப் போட்டது போல.

குசினிக்குள் கோப்பை கழுவுகிற சத்தம் நின்றுபோகும்.

"போச்சு," என்பாள் நிஸ்ரின்.

தேங்காய் அல்ல, கரைதான். அடியில் தண்ணீர் அரித்து அரித்து, மேலே நிற்கிற மண் தாங்க முடியாமல் கட்டியாக உடைந்து விழுகிற சத்தம் அது. காணி கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்குள் போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு போனது என்று பார்க்க நிஸ்ரின் வைத்திருந்த அளவுகோல் துணிக்கொடிதான். குசினிச் சுவரில் ஓர் ஆணி, ஓடைக்கரையில் ஒரு மரம், இரண்டுக்கும் நடுவே என் கடையின் நீல நைலோன் கயிறு. நான் குடிவந்த காலத்தில் அது கரையோரத் தென்னையில் கட்டியிருந்தது. பெருநாளுக்கு முதல் நாள் வீட்டுத் துணி முழுவதையும் ஒரே தடவையில் காயப் போடலாம். அந்தத் தென்னை ஒரு மாரியில் சரிந்து போனது. கயிற்றைச் சுருக்கி இந்தப் பக்கம் நின்ற பூவரசில் கட்டினாள். பூவரசும் போனது. பிறகு முருங்கையில் கட்டினாள். இப்போது என்னுடைய சாரம் ஒன்றும் அவளுடைய துப்பட்டி ஒன்றும் போட்டால் கொடி நிறைந்துவிடும். மிச்சக் கயிற்றை வெட்டவும் இல்லை. சுற்றிச் சுற்றி ஆணியிலேயே மாட்டி வைத்திருந்தாள். போன நிலமெல்லாம் அந்தச் சுற்றுக்குள் இருந்தது.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடத்தான் வேணும்," என்று நான் பகிடி பண்ணுவேன். அவள் சிரித்ததில்லை.

முருங்கை அவள் நட்டது. நடுகிற அன்றும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "முருங்கை நட்டவன் வெறுங்கையோட போவான்," என்றேன். தடியைச் சுற்றி மண்ணை மிதித்துக்கொண்டு, நிமிராமலே அவள் சொன்னாள்: "நாங்க வெறுங்கையோடதான் வந்தம். இனிப் போறத்துக்கு என்ன இருக்கு?"

அந்தப் பழமொழியை அதற்குப் பிறகு நான் எடுக்கவே இல்லை. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரை விட்டு முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டி வந்தபோது அவள் சிறுபிள்ளை. கடல் வழியாகக் கல்பிட்டிக்கு வந்தவர்கள்; இந்தக் காணி அவளுடைய வாப்பா பிறகு பாடுபட்டு வாங்கியது. அவளுடைய உம்மா ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் உடுப்பையும் சட்டிபானையையும் அடுக்கிக் கயிறு கட்டி, அதை அவள் பொறுப்பில் விட்டிருந்தாராம். வள்ளத்தில் ஏறும்போது ஆட்களுக்கே இடமில்லை, சாமானுக்கு எங்கே இடம் என்று சொல்லிவிட்டார்கள். வள்ளம் தள்ளிப்போன பிறகும் அந்தப் பெட்டி மணலில் இருப்பது நெடுநேரம் தெரிந்துகொண்டே இருந்ததாம். இவ்வளவுதான் சொல்வாள். ஆனால் எங்கள் வீட்டுக்குள் அட்டைப்பெட்டி வரக் கூடாது. கடையிலிருந்து சாமான் கொண்டுபோனால் வாசலிலேயே பிரித்து எடுத்துவிட்டுப் பெட்டியை அடுப்புக்குக் கொடுத்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளிடம் வீடு மாறுவதைப் பற்றிக் கதைக்க ஒருவனுக்குத் துணிச்சல் வேண்டும். எனக்குத் துணிச்சல் இல்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தில்தான் கதைத்தேன். எங்கள் மகள் நஸ்லாவின் வீடு புத்தளத்தில், மேல்மாடி சும்மா கிடக்கிறது. "வாப்பா, உம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்திருங்க," என்று அவள் போனில் அழாத குறை. நிஸ்ரின் ஒற்றைக் காலில் நின்றாள். முடியாது. இன்னொரு தடவை வீட்டை விட்டுவிட்டுப் போக முடியாது. நான் கத்தினேன், சாப்பிடாமல் இருந்தேன், பசித்ததும் சாப்பிட்டேன். கடைசியில் ஒரு நாள் அவளே சொன்னாள்.

"சரி. ஓடை எப்ப அந்த முருங்கைய எடுக்குதோ, அண்டைக்கு நான் உங்களோட வாறன். அதுவரைக்கும் வாய் திறக்கப்படாது."

அவள் சொல் தவறாதவள் என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நாங்கள் இருவருமே முருங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அது நிற்க வேண்டும் என்று அவள் துஆக் கேட்டாள். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், விழுந்தால் நல்லது என்று சில நாள் நான் நினைத்தேன். ஏதோ ஒரு மாரியில் குசினியோடு சேர்த்து இவளையும் தண்ணீர் கொண்டுபோய்விடுமோ என்பதுதான் என் பயம். காணி எனக்குப் பெரிதில்லை, அதன் காணிக்காரி பெரிது.

போன கார்த்திகையில் வந்த வெள்ளம் முருங்கையின் வேர்களில் பாதியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் போனது. அவை தண்ணீருக்கு மேல் தாடி மாதிரித் தொங்கின. மரம் ஓடைப் பக்கம் சாய்ந்து, எங்கள் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல் இருந்தது. கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். கடைக்கு வந்த பெட்டிகளைத் தட்டையாக மடித்து, சாரத்துக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரிக்குப் பின்னால் செருக ஆரம்பித்தேன். மரம் விழுகிற அன்றே சாமானைக் கட்டிவிட வேண்டும், அவள் மனம் மாற நேரம் கொடுக்கக் கூடாது என்பது என் திட்டம்.

அவள் திட்டம் வேறு. எங்கள் பக்கத்தில் உரிமட்டைக்குச் செய்ய முடியாத வேலை இல்லை. தேங்காய் உரித்த மட்டையை அடுப்பில் எரிப்போம், நுளம்புக்குப் புகை போடுவோம், தென்னையடியில் குழி வெட்டிப் புதைத்தால் கோடையில் மரம் அதிலிருந்து தண்ணீர் குடிக்கும், பாதையில் பள்ளம் விழுந்தாலும் அதைக் கொண்டுதான் நிரப்புவோம். நிஸ்ரினும் ஒவ்வொரு மாரிக்கு முன்னும் உரிமட்டைகளை நீலக் கயிற்றால் கட்டுக் கட்டாகக் கட்டி, கரை அரித்த குடைவுக்குள் அடுக்கி, மேலே ஓலை போட்டு மூடுவாள். வெள்ளம் வந்து அவ்வளவையும் தூக்கிக்கொண்டு போகும். அடுத்த வருடம் இன்னும் பெரிய கட்டாகக் கட்டுவாள். இந்த முறை மாரி முடியும் முன்னமே ஆரம்பித்துவிட்டாள். கயிறு என் கடையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

தை மாதத்தில் ஒரு பகல். மழை ஓய்ந்து வெயில் இளசாக விழுந்திருந்தது. நான் வழக்கம்போல் கதிரையில் அரைக்கண்ணாக இருந்தேன். நிஸ்ரின் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனவள், குடைவைக் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"போன வருசம் வச்சதெல்லாம் எங்க போயிருக்கும்?"

"களப்புக்கு," என்றேன்.

"நீங்க கண்டீங்களா?"

காணவில்லை. அவளும் கண்டதில்லை. இத்தனை வருடமாக நாங்கள் இருவரும் ஓடையின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எதிரி வருகிற பக்கத்தைத்தானே யாரும் பார்ப்பார்கள். கீழ்ப்பக்கம் வேலிக்கு அப்பால் கைவிட்ட இறால் பண்ணை, முள்ளுப் பற்றை, அதற்குள் யாரும் போவதில்லை. அவள் பழைய சட்டைத் துணியில் ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்து, ஓர் உரிமட்டையில் கட்டி, தண்ணீருக்குள் போட்டாள்.

"எழும்புங்க. அது போற இடத்துக்குப் போவம்."

எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தூக்கத்திலேயே நடந்தேனோ என்னவோ. அந்த நடை எனக்குக் கனவில் நடந்தது போலத்தான் ஞாபகம் இருக்கிறது. சிவப்புத் துண்டு முன்னால் மிதந்துபோனது, நாங்கள் கரையால் அதன் பின்னே போனோம். அது நின்றால் நாங்களும் நின்றோம். வேலியைத் தாண்டினோம். பண்ணையின் பழைய மண்வரம்பில் புல் முழங்கால் அளவு. பக்கத்துக் குட்டையில் வானம் முழுவதும் கிடந்தது. ஒரு மீன்கொத்தி எங்களுக்கு வழி காட்டுவது போல் ஒவ்வொரு கம்பமாக முன்னே போய் உட்கார்ந்தது. முள் அவளுடைய துப்பட்டியைப் பிடிக்கும்போதெல்லாம் நான் விடுவித்துக் கொடுத்தேன். வேலை இல்லாமல், அவசரம் இல்லாமல், நாங்கள் இருவரும் சேர்ந்து கடைசியாக எப்போது நடந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. ஓடை இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்று ஆசையாக இருந்தது.

நீளமாக இல்லை. முள்ளுப் பற்றை விலகியதும் ஓடை முடிந்துவிட்டது போல் நடுவே ஒரு தீவு கிடந்தது. பச்சைப் புல், அடம்பன் கொடி, ஊதாப் பூ, வாத்துகள். அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரை. கதிரையில் எங்கள் அக்கரைக் காணிக்கார நிக்கொலஸ் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க அக்கா, வாங்க நானா," என்றான், வீட்டு வாசலில் வைத்து வரவேற்பது போல. "இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?"

சின்னத் தோணி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து எங்களை ஏற்றினான். தீவில் கால் வைத்ததும் நிலம் மெத்தை போல் அமிழ்ந்து எழும்பியது. நிஸ்ரின் குனிந்து புல்லை விலக்கினாள். விரலால் கிளறினாள். உள்ளேயிருந்து ஒரு துண்டுக் கயிறு வந்தது. நீலம். இழுக்க இழுக்க வந்தது. அதன் முனையில் அவளுடைய முடிச்சு. அந்த முடிச்சை உலகத்தில் வேறு யாரும் போட மாட்டார்கள்.

எப்போதோ ஒரு பெரிய மரம் ஓடைக்குக் குறுக்கே விழுந்திருக்கிறது. அதில் எங்கள் உரிமட்டைக் கட்டுகள் வந்து மாட்டியிருக்கின்றன. அவற்றில் ஓலையும் சேறும் மாட்டி, அதில் புல் முளைத்து, அடுத்த வருடத்துக் கட்டுகள் அதற்குமேல் வந்து சேர்ந்திருக்கின்றன. அவள் கரையில் வைத்த எல்லாமே இங்கே இருந்தன. ஒன்றுகூடக் களப்புக்குப் போகவில்லை.

"உனக்கு இது முந்தியே தெரியுமா?" என்று நான் நிக்கொலஸைக் கேட்டேன். எனக்குக் கோபம் வந்திருந்தது.

"தெரியும் நானா. நாங்க இத அக்காட தீவு எண்டுதான் சொல்றது. வருசா வருசம் அக்கா வேணுமெண்டுதான் கட்டி அனுப்புறா எண்டு நினைச்சன். தாற ஆளிட்ட என்னத்துக்கு எண்டு கேக்கிறதா?"

சிரிப்பும் வந்தது, அறையவும் வேண்டும் போல் இருந்தது. நிஸ்ரின் எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. அவள் கை நீட்டிய பக்கம் பார்த்தேன். பற்றைக்குள் சுற்றி வந்ததால்தான் தூரம்; தீவிலிருந்து எங்கள் முருங்கை கூப்பிடு தூரத்தில் நின்றது, அங்கிருந்து பார்க்கிறவருக்கு இந்தத் தீவு அக்கரைப் புல் போலத்தான் தெரியும். சிவப்புத் துண்டு கட்டிய உரிமட்டை தீவு வரைக்கும் வந்து, போக வழியில்லாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, எங்கள் கரையோரமாக, வந்த வழியே மேலே போக ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். அது அவசரமில்லாமல் போய், சாய்ந்து நின்ற முருங்கையின் அடியில், அந்தக் குடைவுக்குள் நுழைந்தது. தொபுக். ஒரு கட்டி மண் விழுந்து அதை மூடியது.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்ட கதைதான். அடைபட்ட தண்ணீர் திரும்பிப்போய் எங்கள் கரையைக் கடித்திருக்கிறது. கடிக்கக் கடிக்க இவள் உரிமட்டை வைத்திருக்கிறாள். உரிமட்டை வந்து இன்னும் அடைத்திருக்கிறது.

அந்த இடத்திலிருந்து எங்கள் வீடு தெரிந்தது. அதை நான் ஓடைப் பக்கமிருந்து பார்த்ததே இல்லை. சுவர் போல் செங்குத்தாக நிற்கிற கரை, அதன் உச்சியில் குசினி, அந்தச் சின்னக் கொடியில் காற்றில் ஆடுகிற என் சாரம். எல்லாம் ஒரு தட்டின் விளிம்பில் வைத்தது போல் இருந்தன. யாரோ ஏழையின் வீட்டைப் பார்ப்பது போல் எனக்கு இரக்கமாக இருந்தது. பிறகு, அது நான் சாப்பிட்டுத் தூங்கி மகளை வளர்த்த வீடு என்று நெஞ்சில் உறைத்தது. இந்தப் பக்கம் நிக்கொலஸின் கரை புல் மூடி, மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. அதில் ஒரு வெடிப்புக்கூட இல்லை.

நிஸ்ரின் ஒரு கரையைப் பார்த்தாள். மற்றக் கரையைப் பார்த்தாள். புல்லைக் கையால் தடவினாள். இழந்ததை எல்லாம் கயிறாகச் சுற்றி வைத்திருந்தவளுக்கு, அவள் கையால் உண்டான நிலம் ஒன்று இங்கே பூப்பூத்துக் கிடக்கிறது. அவள் அதை விட மாட்டாள் என்றே நினைத்தேன்.

"உடைக்க வேணும் நிக்கொலஸ்," என்றாள்.

"ஐயோ அக்கா, என்ட வாத்துக?"

"வாத்துக்கு நீந்தத் தெரியும்."

கடைசியில் அவன் பக்கத்து ஓரத்தில் ஒரு துண்டை வாத்துகளுக்கு விட்டுவிடுவதாகப் பேச்சு. அடுத்த நாள் நிக்கொலஸும் அவன் மச்சான்மாரும் கத்தி, அலவாங்கோடு இறங்கினார்கள். நானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வெட்டியதைத் தண்ணீரோடு விடக் கூடாது, இன்னொருவர் கரைக்குப் போய் அடைக்கும் என்று நிஸ்ரின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அத்தனை உரிமட்டையையும் கரையேற்றித் தென்னையடிக் குழிகளில் போட்டோம். குறுக்கே கிடந்த மரம் அசைந்து விலகியபோது ஓடை ஒரு பெருமூச்சு விட்டது. அன்று மாலையே எங்கள் கரையில் தண்ணீர் ஒரு முழம் இறங்கி, நேராகக் களப்பைப் பார்த்துப் போனது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை அவள் மண்வெட்டியோடு கரையில் நின்றாள்.

"சுவர் மாதிரி நிண்டா இது விழத்தான் செய்யும். நிக்கொலஸ்ட கரை மாதிரிச் சரிக்க வேணும்."

"சரிச்சா இன்னும் காணி போகும், புள்ள."

"போகட்டும்."

"முருங்கை நிக்குது."

அவள் கொடிக் கயிற்றை அவிழ்த்தாள். கத்தியை எடுத்து, அவள் நட்ட மரத்தை அவளே வெட்டினாள். முருங்கை மென்மையான மரம், நாலு வெட்டு தாங்காது. பெரிய கொப்பு ஒன்றைத் தோணியில் வந்த நிக்கொலஸ் தன் வேலியில் நட இழுத்துக்கொண்டு போனான். நான் கிடந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குனிந்து கீரைக் கொத்து ஒன்றை முறித்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஆனாலும் என் வாய் இருக்கிறதே.

"முருங்கை போச்சு," என்றேன். "அப்ப பேச்சுப்படி?"

அவள் நிமிர்ந்தாள். முகம் முழுக்க மண்.

"ஓடை எடுத்தாத்தான் வாறன் எண்டு சொன்னன். ஓடை எடுக்கல்ல. நான் குடுத்தன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மத்ததெல்லாம் எங்ககிட்ட இருந்து எடுத்தது. இது நானாக் குடுத்தது."

நான் மண்வெட்டியை வாங்கி, பகல் வரைக்கும் கரையைச் சரித்தேன். அடியில் தாழை நடுவது, மேலே சீமைக்கிளுவைத் தடி ஊன்றுவது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மண் புதிது, ஒரு மழை பெய்தால் கரைந்துவிடும், எதையாவது விரித்து மூட வேண்டும் என்றாள். ஓலை போடலாம் என்றேன். யோசித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் இரு கைகளும் நிறைய அட்டைப்பெட்டிகள். அலுமாரிக்குப் பின்னால் நான் செருகியவை, அத்தனையும். எந்தக் காலத்தில் கண்டாளோ, எத்தனை நாள் தெரியாதது போல் அந்த அறையைக் கூட்டினாளோ. எனக்கு ஓடைக்குள் குதித்துவிடலாம் போல் இருந்தது.

அவள் ஒவ்வொரு பெட்டியாகத் தண்ணீரில் நனைத்து, சரிவில் விரித்து, கையால் தடவிச் சமப்படுத்தி, மேலே மண் போட்டாள். தாழை நட ஆங்காங்கே ஓட்டை குத்தினாள். கடைசிப் பெட்டியையும் விரித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"இதுக்குத்தானே கொண்டு வந்து வச்சீங்க?"

"ஓம்," என்றேன். "வேற என்னத்துக்கு?"

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"இவ்வளவும் காணாது," என்றாள். "நாளைக்கும் கொண்டு வாங்க."

மறுநாள் கடை திறந்ததும் புதிதாக வந்த வாளிகளையும் வலைகளையும் தரையில் கொட்டினேன். வெறும் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி, மோட்டர் சைக்கிளின் பின்னால் ஏற்றி, ஊரெல்லாம் பார்க்கப் பகலிலேயே வீட்டு வாசலால் உள்ளே கொண்டுபோனேன்.